நான்கு கதைக்கும் ஒரே தனசேகர்

அக்கா, தப்பாக நினைக்காதீர்கள். நீங்கள் இப்போது சிரித்தது எந்த இடத்தில் என்று மட்டும் சொல்வீர்களா? கலெக்டர் குனியும்போது காதிலிருந்து பென்சில் விழுகிற இடம்தானே? எனக்குத் தெரியும். பஸ் கிளம்பியதிலிருந்து உங்கள் கையிலிருக்கும் புத்தகத்தைத்தான் பார்த்துக்கொண்டு வருகிறேன். உங்களை இல்லை, புத்தகத்தை. நான் யாரையும் உற்றுப் பார்க்கிற வழக்கமில்லாதவள். யாரோடும் வலியப் பேசுகிறவளும் இல்லை. வீட்டுக்கு யாராவது வந்தால் சமையலறைக்குள் போய் நின்றுகொள்வேன், அப்படிப்பட்ட ஆள். ஆனால் எங்கள் புத்தகத்தை முன்பின் தெரியாத ஒருவர் கடையில் வாங்கி, பஸ்ஸில் வைத்துப் படித்து, சிரித்து, நான் பார்த்ததே இல்லை. அதனால்தான்.

ஆமாம், எங்கள் புத்தகம். திருச்சியில் மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு சந்தில், ஊதுபத்திக் கடைக்கு மேலே மாடியில் இருக்கிறது எங்கள் பதிப்பகம். புத்தகத்தை முகர்ந்து பாருங்கள், சந்தன வாசனை அடிக்கும். நான் அங்கே ப்ரூஃப் பார்க்கிறவள். சுடர்க்கொடி என் பெயர். பிழை திருத்தித் திருத்திப் பேச்சும் இப்படி ஆகிவிட்டது. 'நீங்க பேசினா அச்சுல இருந்து எடுத்த மாதிரி இருக்கு மேடம்' என்று தனசேகர் சொல்வார்.

தனசேகர் எங்கள் அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் பக்கம் அமைப்பவர். கையெழுத்தில் வருகிற கதைகளை டைப் அடித்து, வரி கட்டி, புத்தகமாக்குகிறவர். அவருக்குக் கல்யாணம். பத்திரிகை ப்ரூஃப் என் பையில் இருக்கிறது. அதில் ஒரு பெரிய பிழை. அதைச் சரி பண்ணத்தான் கீரனூருக்கு, அவர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. புதன்கிழமையிலிருந்து கொஞ்சம் தலைவலி, அவ்வளவுதான்.

முதலிலிருந்து சொல்கிறேன். கீரனூருக்குள் முடித்துவிடுவேன்.

எங்கள் முதலாளி நடராஜமணி சார் வருஷத்துக்கு ஒரு முறை இந்த மாதிரி ஒரு காதல் தொகுப்பு போடுவார். அவர் ஒரு முடிச்சு கொடுப்பார். நான்கு எழுத்தாளர்கள் ஆளுக்கொரு கதையாக அதை அவிழ்க்க வேண்டும். ஆரம்பம் எல்லோருக்கும் ஒன்று, அப்புறம் அவரவர் சாமர்த்தியம். இந்த வருஷ முடிச்சு உங்களுக்குத் தெரியும், படித்துக்கொண்டிருக்கிறீர்களே. கல்யாண மண்டபம். முகூர்த்த நேரம். பெண் ஒருத்தி மொட்டை மாடிக்குப் போகிறாள், அங்கே ஏற்கெனவே ஒருவன் நிற்கிறான். வாட்ச்மேன் தெரியாமல் மாடிக் கதவைப் பூட்டிவிடுகிறார். கீழே மேளச் சத்தத்தில் கூப்பிட்டால் யாருக்கும் கேட்காது. விதிமுறை இரண்டுதான். பத்துப் பக்கம் வரைக்கும் கதவு திறக்கக்கூடாது. கடைசிப் பக்கத்தில் இரண்டு பேரும் சேர்ந்தாக வேண்டும்.

கதாநாயகன் எப்படி இருப்பான் என்று சார் எதுவும் சொல்லவில்லை. அங்கேதான் வினை.

எங்கள் அலுவலகத்தில் ஒரே ஒரு மின்விசிறி. அது கம்ப்யூட்டருக்கு நேர் மேலே. மனிதர்களைவிட கம்ப்யூட்டர் சீக்கிரம் சூடாகிறது என்று சார் அங்கே மாட்டிவிட்டார். எழுத்தாளர்கள் கதையைக் கொடுக்க வந்தால் அந்தக் காற்றுக்காகத் தனசேகர் பக்கத்து நாற்காலியில்தான் உட்காருவார்கள். சாருக்குப் போன் போட்டால், 'பாலக்கரை தாண்டிட்டேன்மா, இதோ' என்பார். அப்போதுதான் வீட்டில் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருப்பார். அவர் வருகிற வரைக்கும் அந்தப் பெண்கள் என்ன செய்வார்கள்? எதிரே சுவர். பக்கத்தில் தனசேகர். பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நான் சுவர்ப் பக்கமாக உட்கார்ந்து என் வேலையைப் பார்ப்பேன்.

ஆடி மாதத்தில் கதைகள் வந்து சேர்ந்தன. முதலில் கோமதி சிவநேசன் அம்மாவுடையது. பேங்க்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், ஏகப்பட்ட நாவல் எழுதியவர், சாருக்கே அவரைப் பார்த்தால் பயம். அவருடைய கதாநாயகன் கலெக்டர். சரி, இருக்கட்டும். கலெக்டர் சட்டைக் கையை முழங்கைக்குக் கீழே மடித்துவிட்டிருக்கிறார். இருக்கட்டும். காதில் பென்சில் செருகியிருக்கிறார். ஒரு மாவட்ட ஆட்சியருக்குக் காதில் எதற்கு அக்கா பென்சில்? ஆசாரியா அவர்?

அடுத்தது பர்வீன் அக்கா. உறையூர்க்காரர், வார்த்தைக்கு வார்த்தை சிரிப்பார். அவர் கதாநாயகன் இதய அறுவை சிகிச்சை நிபுணர். லண்டனில் படித்தவன். அவன் டீயை ஆற வைத்து, மேலே ஏடு படிந்ததும், அதை விரலால் எடுத்து டம்ளர் ஓரத்தில் ஒட்டி வைக்கிறான். லண்டனில் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்களா?

மூன்றாவது ஹேமா டீச்சர். ஸ்ரீரங்கத்தில் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறவர். அவர் கதாநாயகன் ஏலக்காய் எஸ்டேட்டுக்கு ஒரே வாரிசு. நாலு கார், இரண்டு குதிரை. ஆனால் பழுப்புக் கட்டம் போட்ட சட்டை, அதில் பிய்ந்த பாக்கெட்டை வெள்ளை நூலால் தைத்திருக்கிறது. எது கேட்டாலும் 'பார்த்துக்கலாம்' என்கிறான். மாடியில் மாட்டிக்கொண்டு, வெயிலில் அந்தப் பெண் மயங்கி விழப்போகிறாள், அப்போதும் 'பார்த்துக்கலாம்'.

நான் ப்ரூஃபிலிருந்து தலையைத் தூக்கினேன். எதிரே தனசேகர். காதில் பென்சில். அவர் கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவர், அந்தப் பென்சிலால் ஒரு வரி எழுதி யாரும் பார்த்ததில்லை, ஆனாலும் அது அங்கேதான் இருக்கும். மடித்த சட்டைக் கை. பழுப்புக் கட்டம். பாக்கெட்டில் வெள்ளை நூல். வலது கை ஆள்காட்டி விரலில் டீ ஏடு.

மூன்று கதையிலும் அதே ஆள். இடது புருவத்தில் இருக்கிற சின்ன வெட்டுத் தழும்பைக் கூட விடவில்லை. கலெக்டருக்கு அது கலவரத்தில் பட்டது, டாக்டருக்குக் கார் விபத்தில், வாரிசுக்குக் குதிரையில் விழுந்ததில். உண்மையில் அது சின்ன வயதில் தண்ணீர்க் குழாயில் இடித்துக்கொண்டது. எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஒரே அறையில் மூன்று வருஷம் வேலை செய்தால் இதெல்லாம் தானாகக் காதில் விழும். அவர் சிரிக்கும்போது அந்தத் தழும்பு மட்டும் கொஞ்சம் தாமதமாக மேலே போகும். இதை மூன்று பேரில் ஒருவரும் எழுதவில்லை, கவனித்திருந்தால்தானே எழுதுவதற்கு.

எனக்குக் கோபம் வந்தது. தொழில் சம்பந்தப்பட்ட கோபம். வாசகர்கள் என்ன நினைப்பார்கள்? நான்கு கதை என்று வாங்கினால் ஒரே ஆளைத் திருப்பித் திருப்பி மாடியில் பூட்டி வைத்திருக்கிறார்கள். பிழைகளைத் திருத்தத்தானே எனக்குச் சம்பளம்? திருத்தினேன்.

அளவோடுதான் திருத்தினேன். கலெக்டருக்கு வழுக்கையும் தடித்த கண்ணாடியும் போட்டேன். டாக்டருக்குத் தொப்பை வைத்தேன். எஸ்டேட் வாரிசுக்கு ஏலக்காய் வாசனை ஒத்துக்கொள்ளாது, ஓயாமல் தும்முவான் என்று ஆக்கினேன். பென்சில், ஏடு, வெள்ளை நூல், தழும்பு எல்லாவற்றையும் அடித்தேன். கதையில் கை வைக்கவில்லை.

என் திருத்தத்தை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டியது தனசேகர். அவர் ஏற்றினார்.

"சுடர் மேடம், கலெக்டருக்கு வழுக்கைன்னு போட்டிருக்கீங்க. பன்னண்டாம் பக்கத்துல அந்தப் பொண்ணு அவர் தலைமுடியைக் கோதி விடுதே."

"காதோரம் கொஞ்சம் இருக்கும். அதைக் கோதட்டும்."

"சரிங்க." கொஞ்ச நேரம் தட்டினார். "டாக்டர் மாடிச் சுவர்ல இருந்து பக்கத்து மாடிக்குத் தாவுறாரு. இந்தத் தொப்பையோட தாவ முடியுமா?"

"மூச்சு வாங்கித் தாவினார் என்று ஒரு சொல் சேர்த்துவிடுங்கள்."

"பார்த்துக்கலாம்," என்றார். அப்புறம் திரும்பி, "ஒண்ணு கேக்கலாமா? முன்னாடி எல்லாரும் நல்லாத்தானே இருந்தாங்க. அவங்க மேல உங்களுக்கு என்ன கோவம்?"

"வேறுபாடு வேண்டாமா?" என்றேன்.

அவர் அந்தப் பென்சிலைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் அங்கேயே வைத்துக்கொண்டார்.

நான்காவது கதை இந்திராக்கா எழுதுவதாக இருந்தது. அவர் மகளுக்குப் பிரசவம் என்று பெங்களூரு போய்விட்டார். அட்டை அதற்குள் அச்சாகிவிட்டது, 'ஒரு மாடி, நான்கு காதல்' என்று. சார் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். "யாராவது ஒண்ணு எழுதுங்கம்மா. மூணு காதலை வச்சிக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?" மறுநாள் நான் ஒரு கதையை அவர் மேஜையில் வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டேன். பெயர் போடவில்லை. புனைபெயராக இளவெயில் என்று போட்டேன். கடைசியில் இருக்கிறது பாருங்கள். நான் அச்சில் பார்த்த என் முதல் கதை அது. கல்லூரி நாளிலிருந்து எழுதிக் கிழித்துப் போட்டதெல்லாம் கணக்கில் இல்லை.

என் கதாநாயகன் வேறு ஆள். கலெக்டரும் இல்லை, டாக்டரும் இல்லை. சாதாரணமாக ஒரு அச்சகத்தில் வேலை பார்க்கிறவன். பெயர் குணசேகர். முழுக்க முழுக்கக் கற்பனை.

அவன் காதில் பென்சில் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். அச்சகத்தில் வேலை பார்க்கிறவன் காதில் பென்சில் இருப்பது பொருத்தம். கலெக்டர் காதில்தான் பொருந்தாது. மற்ற மூன்று பேரிடமிருந்தும் நீக்கியாயிற்று, ஆகவே ஒருவனிடம் இருந்தால் திரும்பச் சொன்னது ஆகாது. இது எளிய நியாயம்.

கதையில் பெரிதாக எதுவும் நடக்காது. மாடியில் வடகம் காயப் போட்டிருக்கிறார்கள். காக்காய் வருகிறது. அவன் ஒரு பக்கம் நின்று விரட்டுகிறான், அவள் ஒரு பக்கம் நின்று விரட்டுகிறாள். இரண்டு பேரும் கூச்ச சுபாவம், பேசிக்கொள்வதில்லை. கதவு திறக்கிறது. அவன் முதலில் இறங்கிப் போய்விடுகிறான். அவள் போய்ப் பார்த்தால், கொதிக்கிற தரையில் கழற்றிப் போட்டிருந்த அவள் செருப்பை யாரோ நிழலில் நகர்த்தி வைத்திருக்கிறார்கள். அதோடு முடிகிறது.

அந்தச் செருப்பு விஷயம் மட்டும் நடந்ததிலிருந்து எடுத்தது. எங்கள் மாடிப்படி வாசலில் பன்னிரண்டு மணிக்கு மேல் வெயில் நேராக அடிக்கும். சாயங்காலம் நான் கிளம்பும்போது என் செருப்பு மட்டும் கதவோரம் நிழலில் இருக்கும். தினமும் இருக்கும். கீழே ஊதுபத்திக் கடைக்காரர் நல்ல மனுஷர், அவர்தான் மேலே வரும்போது நகர்த்தி வைக்கிறார் போலிருக்கிறது.

தனசேகர் அந்தப் பக்கத்தை டைப் அடித்தபோது செருப்பு வரியில் கை நின்றுவிட்டது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். வந்தார். மறுபடியும் போய்த் தண்ணீர் குடித்தார்.

"எழுத்துப் பிழை ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"இல்லைங்க," என்றார். "வெயில்."

மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு வெயில் என்றார்.

மாத்தூர் வந்துவிட்டது பாருங்கள். கொஞ்சம் வேகமாகச் சொல்கிறேன்.

கடைசி ப்ரூஃபை எழுத்தாளர்களுக்கு ஒரு முறை அனுப்பிப் பார்க்கச் சொல்வது எங்கள் வழக்கம். வழக்கமாக யாரும் படிக்க மாட்டார்கள், 'ஓகே' என்று அனுப்பிவிடுவார்கள். இந்த முறை படித்துவிட்டார்கள்.

நான் மேஜையில் இருந்தேன். படியில் சத்தம் கேட்டது. கோமதி அம்மாவுக்கு மூட்டு வலி, ஒவ்வொரு படிக்கும் ஒரு வாக்கியம் சொல்லிக்கொண்டு ஏறி வந்தார். மேலே வந்து நின்று மூச்சு வாங்கி, "என் கலெக்டருக்கு யாரு மொட்டை போட்டது?" என்று கேட்டார்.

பின்னாலேயே பர்வீன் அக்கா. "கோமதிம்மா, உங்களுக்காவது முடியோட போச்சு. என் டாக்டரால ஆபரேஷன் டேபிள் கிட்டயே போக முடியாது. வயிறு முதல்ல போய் நிக்குது."

ஹேமா டீச்சர் மெல்லிய குரலில் பேசுகிறவர். "கல்யாணத்துக்கு அப்புறம் அவங்க எஸ்டேட்லதானே குடியிருக்கணும்?" என்றார். "அங்க போய் அவன் தும்மிக்கிட்டே இருந்தா எப்படிம்மா?"

சார் அன்றைக்கென்று உண்மையிலேயே பாலக்கரை தாண்டி வந்துவிட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சுவரைப் பார்த்தேன். எனக்கு நாலு பேர் ஒரே நேரத்தில் பார்த்தால் வாய் ஒட்டிக்கொள்ளும். "மூன்று பேரும் ஒரே மாதிரி இருந்தார்கள்," என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"என்ன ஒரே மாதிரி? கலெக்டரும் டாக்டரும் ஒண்ணா?" கோமதி அம்மா மின்விசிறிக்குக் கீழே அந்த நாற்காலியில் உட்கார்ந்து, நான்காவது கதையை எடுத்தார். "இவன் யாரு இளவெயில்? இவன் எப்படி இருக்கான் பாப்போம்."

உரக்கப் படித்தார். "அவன் காதில் ஒரு பென்சில் இருந்தது." நிறுத்தி என்னைப் பார்த்தார். "டீயின் ஏட்டை விரலால் எடுத்து." பர்வீன் அக்காவுக்குச் சிரிப்பு தொடங்கிவிட்டது. "பழுப்புக் கட்டம் போட்ட சட்டை." ஹேமா டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "சிரிக்கும்போது புருவத் தழும்பு மட்டும் கொஞ்சம் தாமதமாக மேலே போகும்."

"எங்க ஆளை எல்லாம் கெடுத்துட்டு," என்றார் கோமதி அம்மா, "ஒருத்தனை மட்டும் உப்பு மூட்டை மாதிரி பத்திரமா வச்சிருக்கா பாரு. அதுவும் தழும்பு எப்ப மேல போகுதுன்னு..."

அப்படியே நின்றுவிட்டார். பக்கத்தில் ஏதோ அசைந்திருக்கிறது. மூன்று பேரும் திரும்பினார்கள். சாரும் திரும்பினார். தனசேகர் டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். காதில் பென்சில். ஏட்டை அப்போதுதான் எடுத்திருந்தார். அதை எங்கே ஒட்டுவது என்று தெரியாமல் விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.



"ஏம்ப்பா," என்றார் சார், "நீ எப்பப்பா கலெக்டர் ஆனே?"

பர்வீன் அக்கா சிரித்த சிரிப்பில் கீழேயிருந்து ஊதுபத்திக் கடைக்காரர் என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டார். ஹேமா டீச்சர் முகத்தை ப்ரூஃபால் மூடிக்கொண்டார். கோமதி அம்மா மட்டும் அசரவில்லை. "சரி, பக்கத்துல உக்காந்திருந்தான், கண்ணுல பட்டுது, எழுதிட்டோம். அதை விடு. ஆனா இந்தக் கதை வேண்டாம் நடராஜமணி. எடுத்துடுங்க."

நான் சிவப்புப் பேனாவைத் திறந்து மூடினேன். கோமதி அம்மா விடவில்லை.

"இதுல காதல் எங்க இருக்கு? இவன் வாயே திறக்கலை. கடைசிப் பக்கத்துல சேரவும் இல்லை. செருப்பை நகர்த்தி வச்சா ஆச்சா? எதையாவது சொல்ல வேண்டாமா மனுஷன்? நம்ம விதிமுறைப்படியே இது கதை இல்லை."

விதிமுறைப்படி அவர் சொன்னது சரி. அதுதான் என்னைத் தின்றது. அந்தக் கடைசிப் பக்கத்தில் அவனை ஒரு வாக்கியம் பேச வைக்க நான் எத்தனையோ முறை முயற்சி பண்ணினேன் அக்கா. எது எழுதினாலும் அவன் பேச்சாக இல்லை. சார் பேனாவை எடுத்துவிட்டார், பொருளடக்கத்தில் நான்காவது வரியை அடிக்க.

"சார்."

தனசேகர். இத்தனை வருஷத்தில் எத்தனையோ கதை டைப் அடித்திருக்கிறார், ஒன்றைப் பற்றியும் நல்லது கெட்டது சொன்னதில்லை.

"அது இருக்கட்டும் சார்."

"ஏன் இருக்கணும்?" என்றார் கோமதி அம்மா.

"அந்த மாதிரி ஆளுங்க வாயால சொல்ல மாட்டாங்கம்மா. வராது. அவனுக்குத் தெரிஞ்ச வேலை எதுவோ, அதுலதான் செஞ்சு காட்டுவான். அந்தப் பொண்ணுதான் கொஞ்சம் பார்த்துப் புரிஞ்சிக்கணும்."

"புரியலைன்னா?"

"இன்னும் கொஞ்சம் தெளிவா செஞ்சு காட்டுவான்."

கோமதி அம்மா அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பவும் அவரைப் பார்த்தார். முகமே மாறிவிட்டது. "இருக்கட்டும் நடராஜமணி," என்றார் வேறு ஒரு குரலில். "போடுங்க. நல்ல கதைதான்." அவருக்குச் சர்க்கரை உண்டு, சட்டென்று இறங்கிவிட்டது போலிருக்கிறது என்று நான் பயந்துபோய் பிஸ்கட் எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக்கொண்டு, "மக்கு," என்றார். பிஸ்கட் நமத்துப் போயிருந்தது உண்மைதான்.

மற்ற மூன்று கதையிலும் என் திருத்தத்தை எல்லாம் எடுத்துவிட்டார்கள். கலெக்டருக்கு முடி வந்தது. தும்மல் நின்றது. எல்லாப் பென்சிலும் அதனதன் காதுக்குத் திரும்பிப் போனது. நான்கு கதையிலும் தனசேகர். புத்தகம் வெளியானதும் வாசகர்கள் சாருக்குப் போன் செய்து, 'நாலு பேரும் பேசி வச்சு ஒரே ஹீரோவை எழுதியிருக்காங்க, என்ன புதுமை சார்' என்றார்கள். 'ஆமா, என் யோசனைதான்' என்று சார் சொல்லிக்கொண்டிருக்கிறார். இரண்டாம் பதிப்பு அட்டையில் 'நான்கு கதை, ஒரே நாயகன்' என்று போடப் போகிறாராம்.

இதெல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்தது. புதன்கிழமை வரைக்கும்.

புதன்கிழமை தனசேகர் என் மேஜைக்கு வந்து ஒரு தாளை வைத்தார். கல்யாணப் பத்திரிகை. "இதைக் கொஞ்சம் ப்ரூஃப் பார்த்துக் கொடுங்க, சுடர்," என்றார். மேடம் என்கிற சொல் விடுபட்டிருந்தது. விடுபட்ட சொல் என்றால் என் கண்ணுக்குத் தப்பாது. "விட்டுப்போனது ஏதாவது இருந்தா நீங்களே எழுதிடுங்க. அவசரம் இல்லை. ஊர்ல கோவில் திருவிழா, நான் நாலு நாள் லீவு." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

படித்தேன். கீரனூர் இன்னாருடைய மகன் திருநிறைச்செல்வன் தனசேகருக்கும். அங்கே எனக்கு அந்தத் தலைவலி ஆரம்பித்தது. வழக்கமாக வருகிற தலைவலிதான். மேலே படித்தேன். மகள் திருநிறைச்செல்வி, அதற்கு முன்னாலும் பின்னாலும் வெற்றிடம். பெண்ணின் பெயர் இல்லை. பெண் வீட்டார் பெயர் இல்லை. ஊர் இல்லை. தேதி இல்லை. இவ்வளவு பிழையோடு ஒரு ப்ரூஃபை நான் வாழ்நாளில் பார்த்ததில்லை. அவர் ஒரு புள்ளி விடாமல் டைப் அடிக்கிற ஆள். சந்தோஷத்தில் கை தடுமாறியிருக்கிறது. யாரை நினைத்துக்கொண்டு அடித்தாரோ.

யார் அந்தப் பெண் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். விட்டிருக்கிற இடத்தை வைத்துப் பார்த்தால் கொஞ்சம் நீளமான பெயர். அவர் அளவெடுத்துத்தான் இடம் விடுவார். விஜயகுமாரி, செல்வநாயகி என்று எழுதி எழுதிப் பார்த்தேன். சுமாராக என் பெயர் அளவுக்கு வரும். அந்த அளவில் கீரனூரில் எத்தனை பெண்கள் இருப்பார்களோ.

பத்திரிகையின் அடியில், அன்பளிப்பு வேண்டாம் என்று சிலர் போடுவார்களே, அந்த இடத்தில் ஒரு வரி. 'மண்டபத்தின் மொட்டை மாடிக் கதவு அன்று முழுவதும் திறந்தே இருக்கும்.' தேவையில்லாத வரி. அடித்திருக்க வேண்டும். கோடு போடப் பேனாவை எடுத்தேன், என்னவோ போட மனம் வரவில்லை.

நாளைக்கு அவர் வேலைக்கு வந்துவிடுவார், பொறுக்கலாம்தான். ஆனால் விடுபட்ட சொல்லோடு ஒரு ப்ரூஃபைப் பைக்குள் வைத்துக்கொண்டு என்னால் சாப்பிட முடியவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகக் கிளம்பிவிட்டேன். நேராகப் போய், 'பெண்ணின் பெயர் என்ன, சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்' என்று கேட்கப் போகிறேன். அவ்வளவுதான். அழ மாட்டேன். எதற்கு அழ வேண்டும்?

என்ன அக்கா? ஏன் சிரிக்கிறீர்கள்? புத்தகத்தை மூடிவிட்டீர்களே, இன்னும் என் கதைக்கு வரவில்லையே.

என்ன சொன்னார் என்றா? அதான் சொன்னேனே, 'விட்டுப்போனது இருந்தா நீங்களே எழுதிடுங்க' என்றார்.

ஆமாம். 'நீங்களே' என்றுதான் சொன்னார்.

இல்லை அக்கா, அவர் என்னிடம் எதுவும் சொன்னதில்லை. அந்த மாதிரி ஆள் வாயால... அவருக்குத் தெரிந்த வேலையில்...

ஊதுபத்திக் கடைக்காரரா? அவர் கடையை விட்டு மேலே வரவே மாட்டார். பர்வீன் அக்கா சிரித்த அன்றைக்கு ஒரு நாள்தான் வந்தார்.

கொஞ்சம் இருங்கள்.

கொஞ்சம் இருங்கள் அக்கா.

கண்டக்டர் என்ன சொல்கிறார், கீரனூரா? அதற்குள்ளா? இல்லை, இறங்க வேண்டும், இங்கேதான் இறங்க வேண்டும். விசில் கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்களேன், நான் சத்தம் போட்டால் யாருக்கும் கேட்காது. தாள் இங்கேதான் இருக்கிறது. பை, குடை. செருப்பு எங்கே? போட்டிருக்கிறேன்.

அக்கா, ஒரு உதவி. உங்களிடம் நீலப் பேனா ஏதாவது இருக்கிறதா? என்னிடம் இருப்பதெல்லாம் சிவப்பு. சிவப்பில் எழுதினால் பிழையைத் திருத்தியது போல் ஆகிவிடும். இது பிழை இல்லை.